குறி தவறினால் மௌனம்: ஹெட்ஜ்ஹாக் உண்மையிலேயே டெப்த் சார்ஜை வென்றதா?

#1 நங்கூரம்

அட்லாண்டிக் கடற்போரைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் ஒரு கணக்கு என்னை உறுத்துகிறது. இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகள் மீது பிரிட்டிஷ் கடற்படை நடத்திய டெப்த் சார்ஜ் (கடலுக்கடியில் வெடிக்கும் குண்டு) தாக்குதல்கள் 5,174. அவற்றால் மூழ்கிய நீர்மூழ்கிகள் 85.5. அதே கடற்படை ஹெட்ஜ்ஹாக்கைக் கொண்டு நடத்திய தாக்குதல்கள் 268 மட்டுமே. மூழ்கியவை 47. அதாவது டெப்த் சார்ஜுக்கு அறுபது முயற்சிக்கு ஒன்று, ஹெட்ஜ்ஹாக்குக்கு ஆறு முயற்சிக்கு ஒன்று.

இத்தனைக்கும் சாதாரண டெப்த் சார்ஜ் ஒன்றில் ஏறக்குறைய 130 கிலோ வெடிமருந்து இருந்தது. ஹெட்ஜ்ஹாக் குண்டில் இருந்ததோ 16 கிலோ.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெட்ஜ்ஹாக் என்பது போர்க்கப்பலின் முன்தளத்தில் பொருத்தப்பட்ட ஒருவகை மோர்ட்டார். ஒவ்வொன்றும் 29 கிலோ எடையுள்ள 24 குண்டுகளைக் கப்பலுக்கு முன்னால் 200 மீட்டருக்கும் சற்று அப்பால் வீசும். அவை ஏறத்தாழ 30 மீட்டர் விட்டமுள்ள வட்டமாகக் கடலில் விழும். 1942 முதல் துணைக்காவல் கப்பல்களில் பரவலாக இடம்பெற்றது. டெப்த் சார்ஜ் குறித்த ஆழத்தில் தானாகவே வெடிக்கும். ஹெட்ஜ்ஹாக் குண்டு எதன் மீதாவது மோதினால்தான் வெடிக்கும். மோதவில்லையென்றால் ஓசையே இல்லாமல் ஆழத்துக்குப் போய்விடும்.

அதன் வெற்றியின் ரகசியமே அந்த ஓசையின்மைதான் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் வரலாம்.

#2 திசைகாட்டி

முதல் சந்தேகம் எனக்கு. 85.5 என்றால் அரை நீர்மூழ்கி எங்கே போயிற்று? பாதி மூழ்கி, பாதி மிதந்ததா?

#3 நங்கூரம்

சிரித்துவிட்டேன். ஒரு நீர்மூழ்கியை இரண்டு ஆயுதங்கள் சேர்ந்து முடித்தால் ஆளுக்குப் பாதி என்று பங்கு பிரித்த கணக்கு அது. கடலில் கிடந்தவர்களுக்கு அந்தப் பங்கீடு தெரிந்திருக்காது.

#4 சொல்லாராய்ச்சி

விவாதம் சூடேறும் முன்பே ஒரு வார்த்தை. இந்த ஆயுதத்தைத் தமிழில் எழுதுகிறவர்கள் 'முள்ளம்பன்றி' என்று எழுதிவிடுகிறார்கள். முள்ளம்பன்றி வேறு பிராணி. ஹெட்ஜ்ஹாக் என்பது முள்ளெலி. குண்டுகளை வீசி முடித்த பிறகு மேடையில் வெறும் இரும்புக் கம்பிகள் மட்டும் வரிசை வரிசையாக விறைத்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் அந்தப் பெயர் வந்தது. உருவத்திலும் அது முள்ளெலியளவு அடக்கமான சாதனம்தான். முள்ளம்பன்றி என்று சொன்னால் பெரிய பீரங்கியை நினைத்துக்கொள்வார்கள்.

#5 எண்கணிதன்

நங்கூரம் அவர்களே, எண்கள் சரி. முடிவு அவசரம்.

அந்த 5,174 தாக்குதல்களில் போரின் முதல் ஆண்டுகள் முழுவதும் அடங்கியிருக்கின்றன. அப்போது ஆஸ்டிக்கை, அதாவது ஒலி அனுப்பி எதிரொலியால் நீர்மூழ்கியைத் தேடும் அந்தக் கால சோனாரை, இயக்கியவர்களுக்குப் பயிற்சி குறைவு. திமிங்கிலத்தின் மீதும் மீன்கூட்டத்தின் மீதும் டெப்த் சார்ஜ் போட்டிருக்கிறார்கள். ஹெட்ஜ்ஹாக் வந்தபோது ஆட்களும் தேறிவிட்டார்கள், கருவிகளும் தேறிவிட்டன. நல்ல தடயம் கிடைத்தபோது ஹெட்ஜ்ஹாக், சந்தேகத் தடயத்துக்கு டெப்த் சார்ஜ் என்று ஒரு கேப்டன் பிரித்துப் பயன்படுத்தியிருந்தால் இந்த விகிதம் தானாகவே ஹெட்ஜ்ஹாக் பக்கம் சாயும். தேர்ந்த நோயாளிகளை மட்டும் சேர்த்துக்கொள்ளும் வைத்தியர் கைராசிக்காரர் ஆவது போல.

இன்னொன்று. டெப்த் சார்ஜின் வேலை கொல்வது மட்டுமா? கான்வாயை (கூட்டமாகப் போகும் சரக்குக் கப்பல்களை) நெருங்கும் நீர்மூழ்கியைத் தண்ணீருக்கடியில் தலைகுனிய வைத்தாலே போதும். நீரில் மூழ்கியிருந்தால் அதன் வேகம் குறைவு, கான்வாய் கடந்து போய்விடும். மூழ்கடிக்கப்பட்ட நீர்மூழ்கி, மூழ்கடிக்கப்படாத சரக்குக் கப்பல், இரண்டையும் சேர்த்து எண்ண வேண்டும். அந்த இரண்டாவது எண் உங்கள் பட்டியலில் இல்லை.

#6 நங்கூரம்

நியாயமான அடி. வாங்கிக்கொள்கிறேன். ஆனால் பத்து மடங்கு வேறுபாட்டில் பாதியைப் பயிற்சிக்குக் கழித்தாலும் ஐந்து மடங்கு மிச்சம் நிற்கிறது. அது எங்கிருந்து வந்தது?

நேரத்திலிருந்து வந்தது என்கிறேன். நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். தவறிருந்தால் எண்கணிதன் திருத்தட்டும்.

டெப்த் சார்ஜ் கப்பலின் பின்புறத்திலிருந்து உருட்டிவிடப்படுவது. ஆகவே கப்பல் நீர்மூழ்கியின் மேலேயே கடந்து போக வேண்டும். ஆஸ்டிக் கதிரோ முன்னோக்கிச் சாய்வாகப் போவது, நேர்கீழே பார்க்காது. நெருங்க நெருங்க நீர்மூழ்கி கதிருக்குக் கீழே நழுவிவிடும். சுமார் 200 மீட்டரில் தொடர்பு அறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கப்பலின் வேகம் 15 நாட் என்றால் விநாடிக்கு 7.7 மீட்டர். அந்த 200 மீட்டரைக் கடக்க 26 விநாடி. பிறகு குண்டு 60 மீட்டர் ஆழம் இறங்க வேண்டும். டெப்த் சார்ஜ் பீப்பாய் போன்றது, விநாடிக்கு 3 மீட்டர்தான் இறங்கும். அது ஒரு 20 விநாடி. மொத்தம் 46 விநாடி நேரம் கப்பலுக்குக் கண்ணும் இல்லை, காதும் இல்லை.

அந்த 46 விநாடியில் 4 நாட் வேகத்தில் போகும் நீர்மூழ்கி 90 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஜெர்மனியின் ஏழாம் சி வகை நீர்மூழ்கியின் நீளமே 67 மீட்டர்தான். டெப்த் சார்ஜ் அதன் உடலைப் பிளக்க வேண்டுமென்றால் ஆறேழு மீட்டருக்குள் வெடிக்க வேண்டும்.

ஹெட்ஜ்ஹாக்குக்கு வாருங்கள். தொடர்பு அறுவதற்கு முன்பே வீசிவிடலாம். காற்றில் 7 விநாடி. குண்டின் உடல் ஒடுக்கமானது, விநாடிக்கு 7 மீட்டர் வேகத்தில் இறங்கும். 60 மீட்டருக்கு 9 விநாடிக்குள். ஆகமொத்தம் 16 விநாடி. நீர்மூழ்கி 32 மீட்டர் நகர்ந்திருக்கும், தன் நீளத்தில் பாதி.

#7 எண்கணிதன்

கணக்கு சரி. ஒரு திருத்தம் மட்டும்: நீர்மூழ்கி நகர்வது பிரச்சினையில்லை. ஒரே திசையில் ஒரே வேகத்தில் நகர்ந்தால் முன்கூட்டியே கணித்துவிடலாம். அது திரும்புவதுதான் பிரச்சினை. மேலே கப்பலின் சுழலி வேகமெடுக்கும் ஓசை நீர்மூழ்கிக்குள் எல்லோர் காதிலும் விழும். கேப்டன் அந்த நேரம் பார்த்துச் சுக்கானை முழுக்க ஒடிப்பார். 46 விநாடி என்பது முடிவெடுத்து, ஆணையிட்டு, திரும்பி முடிக்கப் போதும். 16 விநாடியில் ஆணை வாயிலிருந்து வருவதற்குள் குண்டு வந்துவிடும். அதுவும் கப்பல் இன்னும் 200 மீட்டர் தள்ளியிருக்கும்போதே தாக்குதல் முடிந்துவிடுவதால், தாக்குகிறார்கள் என்பதே கீழே இருப்பவருக்கு உறைக்காது.

இதை ஒப்புக்கொள்கிறேன். மௌனம்தான் ரகசியம் என்பதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. இது முன்னால் வீசியதன் பலன்.

#8 கடற்காகம்

தம்பிகளே, பல ஆண்டுகள் சோனார் அறையில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவன் நான். என் கப்பலின் பெயர் வேண்டாம். ஹெட்ஜ்ஹாக் காலத்தவனும் அல்லன், அவ்வளவு கிழவன் என்று நினைத்துவிடாதீர்கள். ஆனால் மௌனத்தைப் பற்றி எனக்குச் சொல்ல உரிமை உண்டு.

சோனார்க்காரன் கேட்பது ஒரு மெல்லிய எதிரொலி. 'பிங்' என்று அனுப்புகிறோம். தண்ணீர் முழுவதும் அதைச் சிதறடித்துத் திருப்பி அனுப்புகிறது, ஒரு நீண்ட பெருமூச்சு மாதிரி. அந்தப் பெருமூச்சுக்குள் ஒரு சின்னக் கடினமான 'டிக்'. அதுதான் நீர்மூழ்கி. மணிக்கணக்கில் அந்த 'டிக்'கைப் பிடித்துக்கொண்டிருப்போம். அதன் சுருதி கொஞ்சம் ஏறினால் எதிரி நம்மை நோக்கி வருகிறான், இறங்கினால் விலகுகிறான். தேநீர் கொண்டுவந்து வைத்தவரைத் திரும்பிப் பார்த்ததில்லை. தேநீர் ஆறிப் போகும்.

இப்போது பக்கத்தில் ஒரு பெரிய வெடி வெடித்தால் என்ன ஆகும்? தண்ணீர் கொதிக்கிறது. லட்சக்கணக்கான காற்றுக் குமிழ்கள். ஒலி அவற்றில் பட்டுத் தூள்தூளாகிறது. திரையில் வெள்ளைத் திட்டு, காதில் இரைச்சல். டெப்த் சார்ஜ் வரிசை ஒன்று போட்டபின் ஆஸ்டிக் பழைய நிலைக்கு வரக் கால் மணி நேரம்கூட ஆகும் என்று அந்தக் காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். கால் மணி நேரம்! 4 நாட் வேகத்தில் ஒரு கடல் மைல் போய்விடலாம். நல்ல நீர்மூழ்கிக் கேப்டன் நம் வெடிச்சத்தத்துக்காகவே காத்திருப்பான். அதன் மறைவில் வேகமெடுத்து ஓடுவான்.

ஹெட்ஜ்ஹாக் தவறினால் தண்ணீர் கலங்காது. 'டிக்' அப்படியே இருக்கும். மீண்டும் குண்டு ஏற்று, மீண்டும் வீசு. எண்கணிதன் தம்பி, முன்னால் வீசுவது பாதி பலன். தவறிய பிறகும் எதிரியைக் கையை விட்டுப் போக விடாமல் வைத்திருந்தது மீதிப் பலன்.

#9 எண்கணிதன்

ஐயா, இதற்கு மேல் வாதிட முடியாது. 'தவறிய தாக்குதலின் விலை' என்று ஒன்றை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. டெப்த் சார்ஜில் ஒரு தோல்வி அடுத்த முயற்சியையும் கெடுக்கிறது. ஹெட்ஜ்ஹாக்கில் கெடுப்பதில்லை.

#10 மறுகரை

எல்லோரும் ஒரே பக்கம் சாய்வதால் நான் எதிர்ப்பக்கம் நிற்கிறேன்.

அந்த மௌனத்தை முதலில் வெறுத்தவர்கள் அதைப் பயன்படுத்திய மாலுமிகளேதான். டெப்த் சார்ஜ் போட்டால் கடல் எழும்பி விழும், கப்பல் அதிரும், ஏதோ செய்தோம் என்ற நிறைவு இருக்கும். ஹெட்ஜ்ஹாக்கில் 24 குண்டு போய் விழுந்து, 24 சின்னத் தெறிப்பு, பிறகு ஒன்றுமில்லை. ஆரம்ப காலத்தில் வெற்றி விகிதம் படுமோசம். முன்தளத்தில் அலை வந்து மோதும் இடத்தில் வைத்த சாதனம் அது. மின்சுற்றில் ஈரம் ஏறி, பாதிக் குண்டுகள் கிளம்பாமலே நின்றதுண்டு. கேப்டன்கள் பழைய பீப்பாய்க்கே திரும்பினார்கள். கடைசியில், தடயம் கிடைத்தும் ஹெட்ஜ்ஹாக்கைப் பயன்படுத்தாவிட்டால் ஏன் என்று எழுத்தில் விளக்கம் தர வேண்டும் என்று தலைமையகம் உத்தரவு போடும் நிலை வந்தது. அதை உருவாக்கிய துறையிலிருந்து ஓர் அதிகாரி வட அயர்லாந்தின் லண்டன்டெரி தளத்துக்கே போய், கப்பல் கப்பலாகப் பேசி, பயிற்சி கொடுத்து நம்பிக்கையை ஊட்ட வேண்டியிருந்தது.

அந்த ஆயுதம் பாதுகாப்பானதும் அல்ல. 1943 செப்டம்பரில் பிரிட்டிஷ் நாசகாரிக் கப்பல் எஸ்கபேடின் ஹெட்ஜ்ஹாக் குண்டுகள் கப்பலிலேயே வெடித்துப் பல மாலுமிகள் இறந்தார்கள். இது போற்றிப் பாடும் இழைகளில் வராது.

பிறகு பிரிட்டிஷ் கடற்படையின் நீர்மூழ்கி வேட்டைக்காரர் கேப்டன் வாக்கர். 1944 ஜனவரி இறுதியிலிருந்து பிப்ரவரிக்குள் ஒரே பயணத்தில் ஆறு நீர்மூழ்கிகளை முடித்தது அவருடைய இரண்டாம் ஆதரவுக் குழு. அவருடைய கப்பல்களில் ஹெட்ஜ்ஹாக் இருந்தது. ஆனாலும் அவர் பெரிதும் நம்பியது டெப்த் சார்ஜைத்தான். ஒரு கப்பல் ஆயிரம் கெஜம் தள்ளி நின்று ஆஸ்டிக்கில் பிடித்துக்கொள்ளும். இன்னொரு கப்பல் தன் ஆஸ்டிக்கை அணைத்துவிட்டு 5 நாட் வேகத்தில் பூனைபோல ஊர்ந்து நீர்மூழ்கியின் மேலே போகும். முதல் கப்பல் கொடி காட்டியதும் இருபதுக்கு மேற்பட்ட டெப்த் சார்ஜ்களை உதிர்க்கும். கீழே இருப்பவனுக்கு ஓசையே கேட்காது. மூளை இருந்தால் பழைய பீப்பாயும் போதும்.

#11 நங்கூரம்

மறுகரை, நீங்கள் உங்களையே மறுத்துக்கொள்கிறீர்கள். வாக்கர் செய்தது என்ன? கண் மறையும் பிரச்சினையை இன்னொரு கப்பலைக் கண்ணாக வைத்துத் தீர்த்தார். எச்சரிக்கை ஓசையை மெதுவாக ஊர்ந்து தீர்த்தார். ஹெட்ஜ்ஹாக் ஒரே கப்பலில் செய்ததை அவர் இரண்டு கப்பல்களைக் கொண்டு செய்தார். இரண்டாவது கப்பல் கையிருப்பில் இல்லாத கேப்டன் என்ன செய்வார்?

#12 பாய்மரம்

அட்லாண்டிக்கிலேயே நிற்கிறீர்கள். பசிபிக் பக்கம் வாருங்கள், ஒற்றைக் கப்பல் கதை அங்கே இருக்கிறது.

அமெரிக்கத் துணைக்காவல் நாசகாரி இங்கிலாண்ட். பெயரைப் பார்த்து நாடு என்று நினைக்க வேண்டாம். பேர்ல் ஹார்பரில் ஓக்லஹோமா கப்பலில் இறந்த ஜான் சார்லஸ் இங்கிலாண்ட் என்ற இளம் அதிகாரியின் பெயர் அது. 1944 மே 19 முதல் 31 வரை பதின்மூன்று நாட்களுக்குள் இந்த ஒரு கப்பல் ஆறு ஜப்பானிய நீர்மூழ்கிகளை மூழ்கடித்தது. முதலில் ஐ-16. பிறகு ஆர்ஓ-106, 104, 116, 108, கடைசியாக 105. ஆறும் ஹெட்ஜ்ஹாக்கால்.

ஐ-16 பூகன்வில் தீவில் சிக்கிய படைகளுக்கு அரிசி ஏற்றிப் போன நீர்மூழ்கி. இங்கிலாண்ட் வீசிய முதல் சில சுற்றுகள் தவறின. கடற்காகம் ஐயா சொன்னதுதான் நடந்தது: தவறின, ஆனால் தொடர்பு அறவில்லை. மீண்டும் மீண்டும் வந்து வீசினார்கள். ஒரு சுற்றில் அடுத்தடுத்துக் குண்டுகள் மோதிய ஓசை கேட்டது. சிறிது நேரம் கழித்துக் கீழே ஏற்பட்ட பெருவெடிப்பில் இங்கிலாண்ட் கப்பலின் பின்புறமே தண்ணீரிலிருந்து தூக்கிப் போடப்பட்டது. பிறகு மேலே மிதந்து வந்தவற்றில் ரப்பர் உறைக்குள் பத்திரமாக இருந்த ஓர் அரிசி மூட்டையும் ஒன்று.

மற்ற ஐந்தும் ஜப்பானியர்கள் ஒரே கோடாக நிறுத்தியிருந்த காவல் வரிசையைச் சேர்ந்தவை. ஒன்றின் இடம் தெரிந்ததும் அடுத்தது எங்கே என்று ஊகிக்க முடிந்தது. கடைசி நீர்மூழ்கியை மற்றக் கப்பல்களுக்கு விட்டுக்கொடுத்துப் பார்த்தார்கள். இரவு பகலாக முயன்றும் நடக்கவில்லை. இங்கிலாண்டை அழைத்தார்கள். முதல் சுற்றிலேயே முடிந்தது.

அமெரிக்கக் கடற்படைத் தலைவர் கிங், இந்தப் பெயரில் ஒரு கப்பல் எப்போதும் நம் கடற்படையில் இருக்கும் என்று வாக்குக் கொடுத்தார். 1963இல் இன்னொரு இங்கிலாண்ட் படையில் சேர்ந்தது.

#13 திசைகாட்டி

மற்றக் கப்பல்களிலும் ஹெட்ஜ்ஹாக்தானே இருந்தது? ஆயுதம் ஒன்று, பலன் மட்டும் ஏன் இத்தனை வேறு?

#14 பாய்மரம்

அதுதான் சரியான கேள்வி. கப்பலைச் செலுத்தியவர்கள், சோனார் அணி, அவர்களுக்கிடையே இருந்த இசைவு. 24 குண்டும் ஒரு வட்டமாக விழும். வட்டத்துக்குள் நீர்மூழ்கி இருக்கிறதா என்பது வீசுவதற்கு முந்தைய இரண்டு நிமிடங்களில் முடிவாகிவிடும்.

#15 சொல்லாராய்ச்சி

நங்கூரம் 'ஒருவகை மோர்ட்டார்' என்றாரே, அந்த 'ஒருவகை'யை விளக்கிவிடுகிறேன். சாதாரண மோர்ட்டாரில் குழாய் இருக்கும், குண்டு அதற்குள் போகும். இதில் தலைகீழ். மேடையில் இருப்பது குழாய் இல்லை, கம்பி. குண்டின் வால்தான் குழாய். குண்டைத் தூக்கி, வாலைக் கம்பியின் மேல் செருகி இறக்க வேண்டும், குடத்தை முளைக்குச்சியில் கவிழ்ப்பது போல. உந்துமருந்து அந்த வாலுக்குள்ளேயே இருக்கும். பிளாக்கர் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி டாங்கி எதிர்ப்புக்காகச் செய்த கம்பி மோர்ட்டார்தான் இதன் தாய்.

கம்பிகள் எல்லாம் ஒரே கோணத்தில் நிற்பதில்லை. ஒவ்வொன்றும் இம்மியளவு வேறு சாய்வு. அப்படி நின்றால்தான் குண்டுகள் வட்டமாக விரியும். 24ஐயும் ஒரே நொடியில் வீசினால் தளம் தாங்காது. ஜோடி ஜோடியாக அடுத்தடுத்துக் கிளம்பும். ஆனால் முதலில் போவது நீண்ட பாதையிலும் பின்னால் போவது குறுகிய பாதையிலும் போவதால் எல்லாம் ஏறத்தாழ ஒரே நேரத்தில் தண்ணீரைத் தொடும். இந்த இடம்தான் எனக்குப் பிடித்த இடம்.

குண்டின் மூக்கில் ஒரு குட்டி விசிறி உண்டு. தண்ணீரில் இறங்கும்போது அது சுழன்றால்தான் குண்டை வெடிக்க வைக்கும் ஃபியூஸ் விழித்துக்கொள்ளும்.

இவ்வளவு குறைத்தும் அந்த உதைப்பைத் தாங்க முடியாத சிறு படகுகள் இருந்தன. அவற்றுக்காக அமெரிக்கர்கள் அதே வெடிமுனையை ராக்கெட்டில் பொருத்தி, 'மவுஸ்ட்ராப்' என்று பெயர் வைத்தார்கள். முள்ளெலிக்குப் பிறகு எலிப்பொறி.

#16 மறுகரை

பெயர் வைத்தவர்களின் விலங்கு மோகம் அதோடு நிற்கவில்லை. அடுத்து வந்தது 'ஸ்க்விட்', கணவாய். அதுதான் என் துருப்புச்சீட்டு.

ஸ்க்விட் மூன்று குழாய் மோர்ட்டார். ஒவ்வொரு குண்டும் ஏறக்குறைய 177 கிலோ, அதில் வெடிமருந்து 94 கிலோ. மோதினால் வெடிக்கும் வகை இல்லை, குறித்த ஆழத்தில் வெடிக்கும். அதாவது உங்கள் புனிதமான மௌனத்தைத் தூக்கி எறிந்த ஆயுதம். 1944 ஜூலை 31 அன்று லாக் கில்லின் கப்பல் இதைக் கொண்டு யு-333ஐ மூழ்கடித்தது, ஸ்க்விட்டின் முதல் வெற்றி. போர் முடியும்போது கணக்கு 50 தாக்குதல், 17 வெற்றி. மூன்றுக்கு ஒன்று. ஹெட்ஜ்ஹாக்கைவிட இரு மடங்கு. மௌனம்தான் ரகசியம் என்றால் இது எப்படி?

#17 நங்கூரம்

இந்த இழையில் வந்த மிகச் சிறந்த எதிர்வாதம். ஒரு நாள் யோசித்துவிட்டுப் பதில் எழுதுகிறேன்.

டெப்த் சார்ஜ் காலத்தில் ஆழத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா? எந்தத் தொலைவில் தொடர்பு அறுந்தது என்பதை வைத்து. சீக்கிரம் அறுந்தால் ஆழத்தில் இருக்கிறான், தாமதமாக அறுந்தால் மேலே இருக்கிறான். குத்துமதிப்பு. ஹெட்ஜ்ஹாக்கின் தொடு ஃபியூஸ் அந்தக் கேள்வியையே ஒதுக்கிவிட்டது. ஆழம் தெரியத் தேவையில்லை, எந்த ஆழத்தில் இருந்தாலும் மோதினால் வெடிக்கும். ஆழம் தெரியாததற்கு அது கொடுத்த பதில்தான் தொடு ஃபியூஸ், மௌனம் அதன் கூடவே வந்த வரம்.

ஸ்க்விட் வந்தபோது ஆழத்தை அளக்கும் 147 வகை ஆஸ்டிக் வந்துவிட்டது. அது அளந்த ஆழம் நேராகக் குண்டின் ஃபியூஸில் தானாகவே பதிவானது, வீசும் கணம் வரை. இரண்டு ஸ்க்விட் இருந்தால் ஆறு குண்டுகள் இரண்டு அடுக்காக நீர்மூழ்கிக்கு மேலும் கீழும் வெடித்து நசுக்கும். ஆழம் தெரிந்துவிட்டால் மோத வேண்டிய அவசியம் இல்லை, பக்கத்தில் வெடித்தாலே போதும்.

ஆகவே என் முதல் பதிவின் கடைசி வரியைத் திருத்திக்கொள்கிறேன். மௌனம் வென்றது 1942இலிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு, கருவிக்கு ஆழம் தெரியாத காலத்தில். அதன் பிறகு அதற்கு அத்தனை தேவை இருக்கவில்லை.

#18 எண்கணிதன்

50 தாக்குதல் என்பது சிறிய எண், அதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி நங்கூரத்தின் விளக்கம் எனக்கு ஏற்பு.

#19 திசைகாட்டி

இதெல்லாம் எண்பது வருடத்துக்கு முந்தைய கதை. இன்று டார்பிடோ இருக்கிறது, ஹெலிகாப்டர் இருக்கிறது. இந்த மோர்ட்டார் குடும்பம் அருங்காட்சியகத்துக்குப் போய்விட்டதா?

#20 மறுகரை

போயிருக்க வேண்டும் என்பேன். ஸ்க்விட்டின் வாரிசு லிம்போ, 1950களில் வந்தது, வீச்சு 900 மீட்டர் சொச்சம். இந்தியக் கடற்படையின் ஐஎன்எஸ் குக்ரியில் இருந்தது அதுதான். 1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோ எய்து குக்ரியை மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் இறந்தார்கள். நீர்மூழ்கி அவர்களுடைய ஓசையை முன்பே கேட்டுவிட்டது, லிம்போவின் வீச்சுக்கு வெகு தொலைவிலிருந்தே எய்தது. ஆயிரம் மீட்டர் எட்டாத கை, பல கிலோமீட்டர் எட்டும் கையோடு மல்லுக்கு நிற்க முடியாது.

#21 கடற்காகம்

மறுகரை, குக்ரியைப் பற்றி எழுதும்போது கொஞ்சம் நிதானமாக எழுதுங்கள். அங்கே தோற்றது மோர்ட்டார் மட்டும் இல்லை. யார் முதலில் கேட்டார்கள் என்பதில் தோற்றது. அதற்கு எந்த மோர்ட்டாரும் மருந்தில்லை. இதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை.

திசைகாட்டி தம்பிக்கு: அருங்காட்சியகத்துக்குப் போகவில்லை. முன்னால் வீசும் அந்த யோசனை ரஷ்யர்கள் வழியாக நம் கப்பல்களில் இன்றும் இருக்கிறது. ஹெட்ஜ்ஹாக்கைப் பார்த்துத் தாங்களும் ஒன்று செய்தார்கள், பிறகு அதை ராக்கெட்டாக மாற்றிக்கொண்டே போனார்கள். 1960களின் தொடக்கத்தில் வந்தது ஆர்பியு-6000. குதிரை லாட வடிவில் 12 குழாய்கள், 213 மில்லிமீட்டர், வீச்சு 6 கிலோமீட்டரை எட்டும். ராஜ்புத் வகையிலிருந்து கமோர்த்தா வகை வரை பார்க்கலாம்.

அது குண்டு ஏற்றிக்கொள்வதைப் பார்க்க வேண்டும். வீசி முடிந்ததும் தளத்தில் உந்துமருந்தின் காரநெடி, தொண்டையில் ஒட்டும். புகை விலகுமுன்பே அந்த லாடம் தானாகத் திரும்பி, குழாய்கள் வானத்தைப் பார்த்து நிமிர்ந்து நிற்கும். தளத்துக்கு அடியிலிருந்து ராக்கெட்டுகள் ஒவ்வொன்றாக ஏறும். 'டக்', ஒரு சுழற்சி, 'டக்', இன்னொரு சுழற்சி. மனிதன் யாரும் அருகில் இல்லை. பன்னிரண்டு 'டக்' எண்ணி முடிப்பதற்குள் மீண்டும் கடலைப் பார்த்துச் சாய்ந்துவிடும்.

டார்பிடோ இருக்கும்போது இது எதற்கு? கரையோரக் கடலில் டார்பிடோ தடுமாறும். அதன் சின்ன சோனாருக்கு அடித்தரையின் எதிரொலியும் நீர்மூழ்கியின் எதிரொலியும் ஒன்றுபோல் தெரியும், பழைய கப்பல் சிதைவைத் துரத்தும். இந்த ராக்கெட்டுக்கு மூளையே இல்லை, ஆகவே குழப்பவும் முடியாது. மேலும் டார்பிடோ விலை உயர்ந்தது. சந்தேகத் தடயத்துக்கெல்லாம் டார்பிடோ எய்தால் கடற்படை தாங்காது. நம்மை நோக்கி வரும் டார்பிடோவின் முன்னால் தண்ணீரைக் கலக்கிவிடவும் இதைத்தான் வீசுவார்கள்.

#22 பாய்மரம்

செய்தியில் வந்ததையும் சேர்த்துவிடுகிறேன். 2025 ஜூன் 23 முதல் ஜூலை 7 வரை ஐஎன்எஸ் கவரட்டியிலிருந்து, உள்நாட்டில் உருவாக்கிய நீண்ட வீச்சு நீர்மூழ்கி எதிர்ப்பு ராக்கெட்டைச் சோதித்தார்கள். 17 ராக்கெட்டுகள், வெவ்வேறு தொலைவுகளுக்கு. இரட்டை மோட்டார் அமைப்பு. அதே ஆண்டு ஜூன் 18 அன்று படையில் சேர்ந்த அர்னாலா, ஆழமற்ற கடலில் நீர்மூழ்கி வேட்டைக்காகவே கட்டிய 16 கப்பல்களில் முதலாவது.

#23 திசைகாட்டி

கடற்காகம் ஐயா, ஒரு கடைசிக் கேள்வி. ராக்கெட்டும் வெடிக்கும், தண்ணீரும் கலங்கும். நீங்கள் சொன்ன அந்த 'டிக்' போய்விடுமே. பிறகு என்ன செய்வீர்கள்?

#24 கடற்காகம்

போய்விடும். அதனால்தான் எங்கள் நாட்களில் ஒரு கப்பல் வீசினால் இன்னொரு கப்பல் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருக்கும், அல்லது ஹெலிகாப்டர் சோனாரைத் தண்ணீரில் இறக்கிவிட்டு மேலே நிற்கும். மறுகரை சொன்ன வாக்கரின் வித்தையேதான். கூட யாரும் இல்லாத நாளில் நான் ஹெட்ஃபோனைக் கழற்ற மாட்டேன். இரைச்சலைக் கேட்டுக்கொண்டே, கடைசியாக 'டிக்' எந்தப் பக்கம் நகர்ந்துகொண்டிருந்தது என்று பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்தக் கோட்டின் நுனியில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பாதி நாள் அங்கேயே வந்து நிற்பான். மீதி நாள் வேறு எங்காவது.